மாத்திரை போட்டுக்கோ



நேற்றிரவு அமெரிக்காவிலிருந்து பேத்தி பேசினாள். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். 'போனேர்' என்றால் வைத்தல். ஏவும்போது 'போனே' என வராமல் 'போன்' எனக் குறையுமாம். அதோடு 'தே' ஒட்டி, 'போன்தே' என்று உடையைச் சொன்னால் 'போட்டுக்கொள்'.

"நம்மிடமும் உண்டு கண்ணு. வருகிறான், தருகிறான் என்போம். ஏவினால் வா, தா. 'போடு' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் தனக்கே" என்றேன். அதைக் 'கொல்' என்றெழுதி என்னிடம் சிவப்பு மை வாங்கியவர்கள் இங்கே சிரிப்பீர்கள்.

வைக்கும்போது சொன்னாள்: "தாத்தா, மாத்திரை போட்டுக்கோ."

'ங்க' விட்டுப்போயிற்று. திருத்தவில்லை. உங்கள் டீச்சரம்மா போனபின், இந்தச் செம்மண்டலம் வீட்டில் எனக்கு ஏவல் வினை சொல்ல ஆளில்லை.

எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டேன்.