இந்தப் பாவு முடியட்டும்

உங்களில் ஊட்டிக்குப் போகாதவர்கள் கை தூக்குங்கள். யாரும் இருக்க மாட்டீர்கள். பள்ளிச் சுற்றுலா, தேனிலவு, ஆபீஸ் டூர் என்று ஏதோ ஒரு சாக்கில் எல்லோரும் போய், ஏரியில் படகு விட்டு, கம்பளிக் குல்லாய் வாங்கி, வர்க்கி பொட்டலத்தோடு இறங்கி வந்திருப்பீர்கள். என் சித்தப்பா 71 வயது வரை போகவில்லை.

சித்தப்பாவுக்கு ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் ரோட்டில் பாலுசெட்டி சத்திரம் வருகிறதே, அதற்குப் பக்கம். விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கிற, 108 திவ்ய தேசங்களில் ஒன்றான ஊர். புள் என்றால் பறவை. ராமர் ஜடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது ஐதீகம். சித்தப்பாவுக்குத் தெரிந்த குழி வேறு. வீட்டு முன்கட்டில் தறிக்குழி. அதில் காலை விட்டு உட்கார்ந்தாரானால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஐம்பது வருஷமாகப் பட்டு நெய்கிறார். உங்கள் வீட்டு பீரோவில் அவர் நெய்த புடவை ஒன்றாவது இருக்கலாம். அதில் அவர் பெயர் இருக்காது, கடையின் பெயர்தான் இருக்கும்.

சித்திக்கு ஊட்டி ஆசை வந்தது 1982-ல், காஞ்சிபுரத்தில் 'மூன்றாம் பிறை' பார்த்துவிட்டு வந்த ராத்திரி. கடைசிக் காட்சிக்கு அழுது முடித்தபிறகு, ''அந்த ஊருக்கு ஒரு தடவை போலாங்க'' என்றாளாம். சித்தப்பா சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பழமொழி ஆகிவிட்டது: ''இந்தப் பாவு முடியட்டும்.''

பாவு என்றால் தெரியாதவர்களுக்கு: தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். ஒரு பாவில் சாதாரணமாக மூன்று புடவை இறங்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள். இரண்டு பேர் ஏன் என்றால், உடல் ஒரு கலர், கரை வேறு கலர் என்று கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். ஒற்றை ஆளால் ஓட்ட முடியாது. வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை எறிய ஒரு ஆள் தேவை. சித்திதான் அந்த ஆள். பாவு முடிவதற்குள் அடுத்த பாவுக்கு முன்பணம் வாங்கியாகிவிடும். பிள்ளை ஃபீஸ், கூரைக்கு ஓடு, பெண் கல்யாணம். பாவு முடியவே இல்லை. சித்தி இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நாடா பிடிக்க ஆள் இல்லாமல் சித்தப்பா சாதாக் கரை மட்டும் நெய்துகொண்டிருந்தார். அதற்குக் கூலி குறைவு. தறியைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் டைல்ஸ் போடலாம் என்று வீட்டில் பேச்சு. போன பிப்ரவரியில் ஒரு நாள் எனக்கு போன்: ''ஊட்டிக்கு எப்படிடா போறது?''

போனோம். இரண்டே நாள். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை ஏழு பத்துக்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிற வண்டி. பஸ் இதைவிட வேகம். ஆனால் பஸ்ஸுக்கு யுனெஸ்கோ பட்டம் கொடுக்கவில்லை, இதற்கு 2005-ல் கொடுத்தார்கள். வழியில் 16 சுரங்கங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்துக்கொண்டு பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து 'ஹோ' என்று கத்த, சித்தப்பா மட்டும் வண்டி நின்ற இடத்தில் இறங்கிக் குனிந்து அந்தப் பல்லையே பார்த்தார். ஒன்றல்ல, இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதற்கு இடைவெளி. ''ஒண்ணு விட்டா ஒண்ணு புடிச்சுக்கும்'' என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

குன்னூர் தாண்டி கேத்தி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, ''அந்தப் படம் கடைசி இங்கதானே?'' என்றார். ஆமாம் என்றேன். ஜன்னலை ஏற்றி ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம் இருந்தது.

ஊட்டியைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? ஜான் சல்லிவன் என்ற கோயமுத்தூர் கலெக்டர் 1819-ல் மலையேறி வந்து மயங்கிப்போய், 1822-ல் கல் பங்களா கட்டிக்கொண்டார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஏரியை வெட்டியவரும் அவர்தான். பின்னால், 1870-லிருந்து, வெயில் வந்தால் மதராஸ் கவர்னரும் செக்ரடேரியட்டும் ஃபைல் மூட்டைகளோடு இங்கே வந்துவிடுவது அதிகாரபூர்வ வழக்கமே ஆனது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-ல்தான். அதுவரை மூட்டை சுமந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சித்தப்பா நினைத்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குள் நின்று, ''இந்த உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்து வந்தது, 1830-ல் பிரதிஷ்டை'' என்று நான் கைடு மாதிரி சொல்லிக்கொண்டிருக்க, ''அத்தனை தூரம் எப்படிடா ஏத்தினாங்க?'' என்பதுதான் அவர் கேள்வி. யானை என்றேன். ''யானையை ஓட்ட ஆள் வேணாமா?''

சர்ச் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மூத்த மகளும் அடங்கியிருக்கிறார்கள். அவர் மட்டும் 1841-ல் ஊர் திரும்பி, 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார். சித்தப்பா அங்கே வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

''அவராவது கூட்டிட்டு வந்தாரு.''

நான் பேச்சை மாற்றி சாக்லேட் வாங்கலாமா என்றேன். அசட்டுத்தனம்தான்.

மறுநாள் பொட்டானிகல் கார்டன். 1848-ல் மெக்ஐவர் என்பவர் போட ஆரம்பித்த தோட்டம். புல்வெளியில் கல்யாண ஜோடிகள் உருண்டுகொண்டிருந்தன. அதற்கு மேலே மேட்டில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. இந்த மலையெல்லாம் தோடர்களுக்கே சொந்தம் என்று மேலிடத்தோடு வாதாடிய வெள்ளைக்காரர் அதே சல்லிவன்தான். வாதத்தில் ஜெயிக்கவில்லை.

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருத்தர் வெயிலுக்கு உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் காடாத்துணியில் சிவப்பும் கறுப்புமாக. ''இது என்னம்மா?'' என்று கேட்டதற்கு, ''பூத்துக்குளி'' என்றார். அவர்கள் போர்த்துகிற போர்வையின் பெயர். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ''நம்ம ஊர் பேரு மாதிரியே கீதே!''

அப்புறம் என்னை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். அந்த அம்மா துணியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளவில்லை, சட்டத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. இழைகளை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார். சித்தப்பா குனிந்து தானும் வாய்க்குள் எண்ணினார். துணியைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் சொரசொரப்பாக, எழும்பி இருந்தது. அதுதான் நல்ல பக்கம் என்று அந்த அம்மா சொல்ல, ''அப்படியா!'' என்று மறுபடி திருப்பினார். பிறகு துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, ''இது நீங்க நெய்ததா?''

''இல்ல அய்யா. நாங்க நெய்யிறதில்லே. கீழேயிருந்து வர்ற துணி. கடையில வாங்குறோம்.''

''இழை சீரா இல்லியே. ஒரு இடத்துல நெருக்கம், ஒரு இடத்துல பிரிஞ்சு கெடக்கு. எண்ணுறப்போ தப்பாது?''

''தப்பும். பிரிச்சுப் பிரிச்சுப் போடுவோம். இப்ப கண்ணும் சரியாத் தெரியலே.''

''எனக்கும்'' என்றார் சித்தப்பா.

தோடர் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு போர்வைக்கு எத்தனை நாள் ஆகும், ராத்திரி விளக்கில் பண்ணலாமா, பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா, இதுதான் பேச்சு. சித்தப்பா ஒரு சால்வை வாங்கினார். விலை சொன்னதும் நான் வழக்கம்போல் பேரத்துக்கு வாய் திறந்தேன். முழங்கையால் ஒரு இடி இடித்தார். ''என்கிட்ட பேசினவங்க போதும்டா.''

ஊர் திரும்பியதும் மருமகள் ''ஊட்டி எப்படி மாமா?'' என்று கேட்டதற்கு ''குளிருது'' என்று ஒரே வார்த்தை. சால்வை தறிக்கு வலப்பக்கம், சித்தி உட்காருகிற பலகைமேல் கிடந்தது. டைல்ஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன வாரம் மறுபடி போன். பட்டுக்குக் கட்டின அச்சைக் கழற்றி வைத்துவிட்டாராம். பருத்திக்குத் தனி அச்சு கட்டியிருக்கிறாராம். கரையும் கோர்வையும் இல்லாத வெள்ளைத் துணிக்கு ஒரு ஆள் போதும். ''சீரா, எண்ணுறதுக்கு வாகா, ஆறு கஜம் நெய்து வெச்சிருக்கேன். அந்தம்மா போன் நம்பர் வாங்கினியா?''

நான் வாங்கவில்லை. அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று செல்போனில் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த சீசனுக்கு ஊட்டி போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பொட்டானிகல் கார்டனுக்கு மேலே, மந்துக்குள் போனதும் இடதுபக்கம், நீல வாசல் வைத்த வீடு. திருப்புட்குழியிலிருந்து ஒருத்தர் துணி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். நம்பர் வாங்கி இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதினால் போதும். சொந்தக் காரில் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டுப் போங்கள். 2024-லிருந்து அது இல்லாமல் மேலே விடுவதில்லை.