வெயில் இருக்கு... கரண்ட் இல்லை!

எங்கள் அம்பத்தூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் மெஷினோடு மல்லுக்கட்டி ரிடையரான எனக்கு, 'இந்த வெயிலைக் காசாக்கினால் என்ன?' என்று ஒரு யோசனை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று பேப்பரில் படித்ததும் யோசனை வெறியாகவே மாறிவிட்டது.

"வடாம் காயப்போட எனக்கு மாடி வேணும்!" என்று சகதர்மிணி கொடி பிடித்தாள். பாதி மாடி வடாமுக்கு, பாதி விஞ்ஞானத்துக்கு என்று உடன்படிக்கை ஆயிற்று.

வந்த இன்ஜினீயர் தம்பி, பலகைகளைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்துப் பொருத்தினார். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால் சாய்வும் கிட்டத்தட்ட அவ்வளவு போதுமாம்.

"மே மாசம் கரண்ட் கொட்டோ கொட்டுன்னு கொட்டுமே தம்பி?"

"இல்லை சார். இதுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. சூடு ஆகாது. பலகை சூடேற ஏற உற்பத்தி குறையும்."

அட, என்னை மாதிரியே! எனக்கும் அக்னி நட்சத்திரத்தில் வேலை ஓடாது.

நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வந்தது. நாம் தெருவுக்குக் கொடுப்பதையும் வாங்குவதையும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும் புது மீட்டரும் வந்தது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் போட்டார்களே, அவர்களுக்கு அடுத்தபடி நான்தான் என்கிற தோரணையில் தெருவில் நடந்தேன்.

மே மாசம், ஒரு ஞாயிறு. மத்தியானம் பன்னிரண்டு மணி. தெருவே கரண்ட் இல்லாமல் இருண்டது. எங்கள் ஃபேனும் நின்றது.

"என்னங்க, உச்சி வெயில் காயுது. உங்க சூரியன் எங்கே போச்சு?"

எதிர்வீட்டில் பழைய பேட்டரி இன்வெர்ட்டர் உபயத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. மானம் போனது. தம்பிக்கு போன் போட்டேன்.

"அது அப்படித்தான் சார். உங்க இன்வெர்ட்டர் தெருக் கரண்ட்டோட தாளத்தைக் கேட்டுத்தான் ஓடும். அது நின்னா, ரெண்டு விநாடிக்குள்ள தானே கழண்டுக்கும்."

"கழலாம இருக்க ஏதாவது வயரை மாத்திக் குடுத்துடேன் தம்பி. யாருக்குத் தெரியப் போகுது?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"போஸ்ட்ல ஒருத்தர் ஏறியிருப்பார் சார். லைன் செத்திருக்குன்னு நம்பி கை வைப்பார். உங்க வீட்டுக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாத் திரும்பி ஏறினா 11,000 வோல்ட்டாவே மாறலாம்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா லைன்மேன். 1978-ல் ஒரு நாள் ஆவடிப் பக்கம் கம்பி அறுந்து, சரி செய்ய ஏறினார். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் போனதும் அங்கே ஜெனரேட்டரைப் போட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டார்கள். மண்டபத்துக் கரண்ட் தெருக்கம்பிக்குப் பாய்ந்தது. அப்பா பிழைத்தார், வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கடைசி வரை மூன்று விரலால்தான் சாதம் பிசைந்தார். யாரையும் திட்டியதில்லை. "அவங்களுக்கும் புழுக்கமாத்தானே இருந்திருக்கும்" என்பார்.

அந்த மண்டபத்துக்காரருக்காவது மறதி. நான் தெரிந்தே கேட்டிருக்கிறேன், ஒரு ஃபேனுக்காக!

ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டால், வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டு பத்திரமாக ஓடுமாம். விலையைக் கேட்டேன். அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்று தீர்மானித்தேன்.

வாசலுக்கு வந்தால், தெருமுனை போஸ்ட்டில் நிஜமாகவே ஒருவர். சகதர்மிணி சொம்பு நிறைய மோர் கொண்டு போனாள். இறங்கி வந்து மடக் மடக்கென்று குடித்தவர், எங்கள் மாடியைப் பார்த்தார்.

"சோலார் போட்டிருக்கீங்க. உங்களுக்கென்ன சார், கவலையே இல்லை!"

"ஆமாம் தம்பி, ஒரு கவலையும் இல்லை" என்று, கையிலிருந்த பனையோலை விசிறியால் அவருக்கும் சேர்த்து வீசினேன்.