வாசிக்காமல் பேசினேன்

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். பல வருடங்களுக்கு முன், அந்தத் தண்ணீருக்குள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்கு ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனேன். விமர்சன உரை என்னுடையது. நூலாசிரியர் எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரர். ஐம்பது வயதுக்குப் பிறகு எழுதவந்தவர். தொகுதியில் பன்னிரண்டு கதைகள். நான் வாசித்திருந்தது முன்னுரையையும் முதல் இரண்டு கதைகளையும் மட்டுமே.

அரை மணி நேரம் பேசினேன். ரோலான் பார்த், ஃபூக்கோ, தெரிதா என்று பெயர்களை அடுக்கினேன். 1967இல் பார்த் எழுதிய 'ஆசிரியரின் மரணம்' கட்டுரையை வைத்து, இந்தக் கதைகள் காலங்கடந்த யதார்த்தவாதம் என்று தீர்ப்பும் சொன்னேன். அந்தக் கட்டுரையையும் நான் வாசித்திருக்கவில்லை. ஒரு சிற்றிதழில் அதைப் பற்றி யாரோ எழுதிய இரண்டு பந்திகள்தான் என் முழு மூலதனம்.

சபை கைதட்டியது. முன்வரிசையில் இருந்த நூலாசிரியர் நான் சொன்ன பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "மனே, நீ சொன்ன அந்த ஆள்ட கட்டுரை தமிழில இரிக்கா? வாசிச்சுப்போட்டு அடுத்த கதைய ஒழுங்கா எழுதுவம்."

"தேடித் தாறன் ஐயா" என்றேன். தேடவில்லை.

அவர் காலமான பிறகுதான் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். சில பக்கங்கள்தான். பால்சாக்கின் கதையில் வரும் ஒரு வசனத்தை எடுத்து, இதைப் பேசுவது யார் என்று கேட்டபடி அது தொடங்குகிறது. பிரதியின் பொருளை எழுதியவரின் வாழ்க்கைக்குள் பூட்டிவைக்காமல் வாசகரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. அன்றிரவே அவருடைய தொகுதியை எடுத்தேன். ஒன்பதாவது கதையை, வயலில் வேலை செய்யும் முல்லைக்காரன் சொல்லத் தொடங்குகிறான். யானை புகுந்து மிதித்த வயலின் நடுவில் நிற்கும்போது, எந்த அறிவிப்பும் இல்லாமல், குரல் வயலின் சொந்தக்காரரான போடியாருடையதாகிவிடுகிறது. நட்டம் யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி கதை முடிகிறது. பேசுவது யார்? பார்த் கேட்ட கேள்வியை அந்த மனிதர் வயற்காவல் பரணில் இருந்துகொண்டே எழுதிவைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவே இல்லை.

கோட்பாடு என்னைக் கெடுக்கவில்லை. வாசிக்காததை மறைக்க அதைப் போர்வையாக்கியது நான். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மார்க்சியத் திறனாய்வைப் பற்றி நூல் எழுதியவர். மஹ்மூத் தர்வீஷ் போன்ற பலஸ்தீனக் கவிஞர்களை வரிவரியாகத் தமிழாக்கியவரும் அவரே. விமர்சகர் க. கைலாசபதி சங்கப் பாடல்களையும் கிரேக்க வீரயுகப் பாடல்களையும் அருகருகே வைத்துப் படித்துத்தான் 1968இல் தன் ஆங்கில ஆய்வு நூலை வெளியிட்டார். உலக இலக்கியத்தைக் கற்பதற்கான வழி என் வாசலிலேயே இருந்தது. நான் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மேடையேறும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கையில் இருக்கும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுப் பேசுங்கள். முடியாவிட்டால், வாசிக்கவில்லை என்று சபையில் சொல்லிவிட்டு இறங்குங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு கதைகளுக்குப் பிறகு அவர் ஒரு கதையும் எழுதவில்லை.