பழனிச்சாமிக்கு ஒரு 'ச்' கூடுதல்

ஆடிக் காத்து ஆளைத் தூக்குது. கடலை விதைச்சு முடிச்சாச்சு, இனி மேல மழை பார்த்துக்கணும். ரெண்டு நாள் வேலை கம்மி. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு வச்சிருந்த ஒன்னை எழுதிடறேன். இது விவசாயம் இல்லை, தேடறதைப் பத்தி. சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு ஊர்ல "எங்க தாத்தா நிலம் ஒன்னு இருக்கு"ன்னு சொல்ற உங்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்னு நினைக்கிறேன்.

அப்பா போன வருஷம் தவறிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு போக கையில ஒன்னும் மிஞ்சலை, கடன்தான் மிஞ்சுச்சு. தோட்டத்தை விக்க மனசு வரலை. ஓடைக்கு அந்தப் பக்கம் மானாவாரியா ஒரு காடு கிடக்கு. எங்க பக்கத்துல கிணத்துப் பாசனம் இருந்தா தோட்டம், மழையை நம்பினா காடு. பனைமரம் வரிசையா நிக்கிறதால பனங்காடுன்னு சொல்லுவோம். 1 ஏக்கர் 24 சென்ட். சோளம் போட்டா மாட்டுக்குத் தட்டாவது வரும். அதை வித்துக் கடனை அடைச்சிடலாம்னு அம்மாவும் நானும் முடிவு பண்ணினோம்.

தரகர் ஒருத்தர் வந்தார். திண்ணையில உக்கார்ந்து டீயைக் குடிச்சுக்கிட்டே போனை எடுத்தார். மாவட்டம், வட்டம், கிராமம்னு வரிசையாத் தட்டி, பேரை வச்சுத் தேடற இடத்துல 'பழனிச்சாமி'ன்னு அப்பா பேரைப் போட்டார். கொஞ்ச நேரம் சுத்துச்சு. அப்புறம் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"தம்பி, உங்கப்பா பேர்ல ஒன்னுமே காட்டலியே. நெலம் உங்களுதுதானுங்களா?"

அம்மா நிலவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. முகம் போன போக்கை இப்பவும் மறக்க முடியலை. நாப்பது வருஷம் களை வெட்டின காடு அது.

தரகர் அதோட விடலை. "பரவாயில்லைங்க. பேர்ல இல்லாத நெலத்தை யாரும் வாங்க மாட்டாங்க. நான் ஒரு பார்ட்டி வச்சிருக்கேன், அவங்களே எல்லாத்தையும் சரி பண்ணிக்குவாங்க. நீங்க வெலையை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டார். அவர் சொன்ன 'கொஞ்சம்' பாதி விலை.

அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடலை. "என்னமோ ஆகிப்போச்சு சாமி. கெடைச்ச வரைக்கும் கொடுத்துரலாம்"னாங்க. எனக்கும் கிட்டத்தட்ட அந்த எண்ணம்தான். போன்லயே இல்லைன்னு வந்துருச்சே, இனி யாருகிட்டப் போய்க் கேக்கறது?

மறுநாள் காலையில மாட்டுக்குத் தட்டு அறுக்கும்போதுதான் ஒன்னு தோணுச்சு. ஊருக்குள்ள எந்தச் சின்னப் பையன்கிட்டக் கேட்டாலும் பனங்காடு யாருதுன்னு கை நீட்டிச் சொல்லுவான். பழனிச்சாமின்னாலும் சரி, பழனின்னாலும் சரி, 'பனங்காட்டுக்காரர்'னாலும் சரி, அவனுக்கு எங்கப்பாதான். ஏன்னா அவனுக்கு ஆளைத் தெரியும். தேடற பெட்டிக்கு ஆளைத் தெரியாது, எழுத்துதான் தெரியும். அது 'இல்லை'ன்னு சொன்னா நிலம் இல்லைன்னு அர்த்தம் இல்லை. நாம போட்ட எழுத்து அங்க இல்லைன்னுதான் அர்த்தம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. என் போன்ல டிராக்டர்காரங்க மூணு பேர் நம்பர் இருக்கு. 'டிராக்'னு மூணு எழுத்துப் போட்டா மூணு பேரும் வர்றாங்க. 'டிராக்டர் மணி அண்ணா'ன்னு முழுசாப் போட்டா ஒருத்தரும் வரலை. போய்ப் பார்த்தா 'அண்ணன்'னு பதிஞ்சு வச்சிருக்கேன். அதிகமாச் சொன்னா சீக்கிரம் கிடைக்கும்னு நினைக்கிறோம். தேடற பெட்டியில பல நேரம் குறைச்சலாச் சொன்னாத்தான் கிடைக்குது.

எங்கப்பா பேரையே எடுத்துக்குங்க. பழனிச்சாமி, பழனிசாமி, பழநிச்சாமி, பழநிசாமி. நாலுமே சரிதான். எங்க தாத்தா பேர் ராமசாமி. பத்திரத்துல இராமசாமின்னு எழுதுவாங்க, சில பேப்பர்ல ராமசாமின்னே இருக்கும். அந்த ஒத்தை 'இ' இருந்தா கம்ப்யூட்டருக்கு அது வேற ஆள். என் பையன் இன்னொன்னும் சொன்னான். 'கொ'ங்கிற எழுத்தை ரெண்டு விதமா உள்ளே பதியலாமாம். கொம்பையும் காலையும் தனித்தனியாத் தட்டினாலும் வரும், சேர்ந்த ஒரே குறியாத் தட்டினாலும் வரும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு. சரி பண்ணிப் பார்க்காத மென்பொருளுக்கு ரெண்டும் வேற வேற. காலுக்குப் பதிலா 'ர' தட்டிட்டுப் போறவங்களும் உண்டு. இத்தனை வழியில தவறிப்போக முடியும்னா, பேரை வச்சு நிலத்தைத் தேடறது வைக்கப்போருல ஊசி தேடற மாதிரிதான்.

அப்போ எதை வச்சுத் தேடறது? எண்ணை வச்சு. எண்ணுக்கு 'ச்' வராது, 'இ' வராது.

ஆனா பனங்காட்டோட எண் எங்களுக்குத் தெரியாது. நமக்கு ஓடைக்காடு, பனங்காடு, கல்லாங்காடுதான் தெரியும். பேப்பருக்குத்தான் புல எண்ணும் பட்டா எண்ணும் தெரியும். பத்திரத்தை அப்பா எங்க வச்சார்னு யாருக்கும் தெரியலை. அப்பத்தான் அம்மா எழுந்து போய், உள்வாசல்ல தொங்கின கம்பியை எடுத்துட்டு வந்தாங்க. பழைய ரசீதையெல்லாம் குத்தி வைக்கிற கம்பி. கரண்ட் பில், உரக்கடைச் சீட்டு, சொசைட்டி ரசீது எல்லாம் அதுலதான். மேல இருந்து ஒவ்வொன்னாக் கழட்டினோம். அடியில, கரையான் தின்னது போக, ஒரு கிஸ்தி ரசீது. அதுல பட்டா எண் இருந்துச்சு.

அந்த எண்ணை வருவாய்த் துறையோட இணையச் சேவைத் தளத்துல போட்டேன். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண். கடைசியா ஒரு கோணல் எழுத்தைப் பார்த்து 'அங்கீகார மதிப்பு'ன்னு போடச் சொல்லும், அதையும் போட்டேன். பட்டா திறந்துச்சு. உரிமையாளர் பேர்: இராமசாமி மகன் பழனிசாமி. 'ச்' இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எட்டிப் பார்த்தாங்க. பார்த்ததும் மறுபடியும் பதறிட்டாங்க. "0-50ன்னு போட்டிருக்கே. அரை ஏக்கர்தானா? மீதி எங்க கண்ணு?"

இதுல நீங்களும் ஏமாந்துடாதீங்க. பட்டாவுல பரப்பு ஹெக்டேர், ஏர்ல இருக்கும். நம்ம வாயில வர்றது ஏக்கர், சென்ட். 1 ஹெக்டேர்னா 100 ஏர். 1 ஏர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். 50 ஏரைப் பெருக்கினா 123½ சென்ட், அதாவது நம்ம 1 ஏக்கர் 24 சென்ட்தான். அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டின பிறகுதான் மூச்சு வந்துச்சு.

ஆனா அப்பா பேருக்குக் கீழ இரண்டாவதா இன்னொரு பேர் இருந்துச்சு. இராமசாமி மகள், எங்க அத்தை பேர். கூட்டுப் பட்டா.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. அத்தையைக் கட்டிக் கொடுத்து நாப்பது வருஷம் ஆச்சு. வெள்ளாமை எங்களுது, வரி எங்களுது. அத்தை பேர் அதுல இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா மட்டும் மெதுவா, "உங்க தாத்தா ஒருக்கா என்னமோ சொன்னாரு"ன்னாங்க.

தரகருக்குப் போன் பண்ணினேன். "அதெல்லாம் அந்தக் காலத்துல கையால எழுதி ஏத்தறப்போ தப்பா ஏறியிருக்கும் தம்பி. அத்தைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டாப் போதும்"னார். தப்பா ஏறியிருக்க வாய்ப்பு இருக்குதான். 1979-ல தொடங்கி எண்பதுகள் வரைக்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துல, ஊர்ல யூ.டி.ஆர்.னு சொல்லுவோம், பேரும் எண்ணும் பல இடத்துல மாறியிருக்கு. பட்டாவை மட்டும் வச்சுச் சொந்தம் யாருதுன்னு முடிவு பண்ணவும் முடியாது, பத்திரத்தைப் பார்க்கணும். அதனால வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பதிவுத் துறையோட தளத்துல வீட்டுல இருந்தே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், புல எண், உட்பிரிவு எண் இதெல்லாம் கேக்கும்.

பட்டாவுல இருந்த உட்பிரிவு எண்ணைப் போட்டேன். ஒன்னும் வரலை. முதல் நாளா இருந்தா உக்கார்ந்திருப்பேன். இப்பத்தான் பழக்கம் ஆயிருச்சே. வில்லங்கத்துல தேடும்போது, பத்திரம் எழுதின அன்னிக்கு என்ன எண் எழுதினாங்களோ அதுலதான் மாட்டும். பின்னால நிலம் உட்பிரிவு ஆகி '2பி' ஆகியிருந்தாலும், அன்னிக்கு வெறும் '2'ன்னு எழுதியிருந்தா '2'ன்னுதான் தேடணும். அப்படிப் போட்டதும் பக்கம் பக்கமா வந்துச்சு. அந்தப் புல எண்ல இருக்கிற எல்லார் பத்திரமும் கலந்து.

சரி, 'பக்கத்தில் தேடு'ன்னு ஒன்னு இருக்கேன்னு அப்பா பேரைப் போட்டேன். 0-ன்னு காட்டுச்சு. கண்ணு முன்னாடியே பேர் இருக்கு, போன் இல்லைங்குது. தமிழ் பி.டி.எஃப். பலதுல இந்தக் கதைதான். கண்ணுக்குத் தெரியற எழுத்து ஒன்னு, உள்ளே இருக்கிறது ஒன்னு. ஸ்கேன் பண்ணின பேப்பரா இருந்தா அது வெறும் படம், எழுத்தே கிடையாது.

வேற வழி இல்லாம முதல் பக்கத்துல இருந்து விரலை வச்சுப் படிச்சேன். 1991-ல ஒரு செட்டில்மென்ட் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் எங்க தாத்தா. வாங்கினவங்க அப்பாவும் அத்தையும். தப்பா ஏறலை. தாத்தா தெரிஞ்சுதான் எழுதியிருக்கார்.

அந்த வாரமே பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனேன். பிரிண்ட் எடுத்த பேப்பரைக் காட்டினேன். அத்தைக்குப் படிக்க வராது. நான் படிச்சுக் காட்டினேன். அவங்க பேர் வந்த இடத்துல, "இன்னொருக்காப் படி கண்ணு"ன்னாங்க. படிச்சேன்.

"உங்க மாமன் தவறினப்போ உங்க தாத்தா வந்து சொன்னாரு, பனங்காட்டுல உனக்கும் எழுதியிருக்கேன்னு. அப்புறம் யாரும் பேச்சு எடுக்கலை. நானா எப்படிக் கேக்கறது? கூடப் பொறந்தவன் மொகம் கோணிரும்னு இருந்துட்டேன்"னாங்க.

எனக்கு வந்த வெக்கத்துக்கு அளவில்லை. அன்னிக்குத் தரகர் போன்ல அப்பா பேர் மட்டும் சட்டுனு வந்திருந்தா, நான் கீழ பார்த்திருப்பேனா? பத்திரம் போடற அன்னிக்கு, "ஒரு கையெழுத்துப் போடுங்க அத்தை"ன்னு கூட்டிட்டுப் போயிருப்பேன். அவங்களும் கேள்வி கேக்காமப் போட்டிருப்பாங்க.

பனங்காட்டை விக்கலை. அத்தை பாகத்தைத் தனியா அளந்து உட்பிரிவு பண்ணித் தரச் சொல்லி மனுப் போட்டிருக்கு. அப்பா பாகத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வச்சுப் பட்டா மாத்தணும், அதுவும் நடந்துக்கிட்டு இருக்கு. கடனுக்குக் கறவை மாடு ரெண்டைக் கொடுத்துட்டேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, கடலை கை கொடுத்தா தீரும்.

ஊர்ல நிலம் இருக்கிறவங்க இந்தப் பொங்கலுக்கு வரும்போது ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல இருக்கிற பழைய கிஸ்தி ரசீது, பத்திர நகல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. பட்டா எண், பழைய புல எண், புதுப் புல எண் மூணையும் ஒரு சீட்டுல எழுதுங்க. தாத்தா பேரை எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் கூடவே எழுதி வையுங்க. அந்தக் காட்டுக்கு ஊர்ல என்ன பேருன்னும் கேட்டு எழுதிக்குங்க. நேரா நடந்து போய்ப் பார்க்க அந்தப் பேர்தான் வேணும். தேடினா 'இல்லை'ன்னு வந்தா, இன்னொரு விதமாத் தேடாம யாருகிட்டயும் விலை பேசாதீங்க. கிடைச்சுட்டா, உங்க பேரைப் பார்த்ததும் நிறுத்திடாம அடுத்த வரியையும் படிச்சுடுங்க.

போன வெள்ளிக்கிழமை அத்தை வந்திருந்தாங்க. பனங்காட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "நான் சின்னப் புள்ளையில பதினோரு மரம் இருந்துச்சு, இப்ப ஒம்போதுதான் நிக்குது"ன்னாங்க. ரெண்டு மரம் எப்போ விழுந்துச்சுன்னு அம்மாவுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.