எண்ணப்படுவதை அறியாத மரம்

நளன் கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் நின்று நிதானித்துச் செல்லும் இடம் சூதாட்டக் களம் அன்று. அதற்குப் பிந்திய தேர்ப்பயணம். வியாச பாரதத்தின் வன பருவத்தில், வழியோரம் நிற்கும் தான்றி மரமொன்றின் இலைகளுக்கும் காய்களுக்கும் ஒரே பார்வையில் கணக்குச் சொல்கிறான் இருதுபன்னன். தேரோட்டியாக மறைந்து வாழும் நளனுக்கு நம்பிக்கை வரவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி எண்ணுகிறான், கணக்குப் பொருந்துகிறது. தன் குதிரை நூலுக்கு ஈடாக அந்த எண்ணும் வித்தையையும் சூதின் மருமத்தையும் பெற்றுக்கொள்கிறான். (திரிபலாவில் கடுக்காய்க்கும் நெல்லிக்கும் துணையாகச் சேரும் அதே தான்றிதான். வேதகாலத்தில் அதன் காய்களை உருட்டியே சூதாடினர்.) இழந்த நாட்டை அவன் மீட்பதும் இந்த வித்தையால்தான். ஆகவே, சூதென்பது மூடர் வேலை என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோக நம்மால் இயல்வதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் இந்தப் பாடம் முடிந்த மாலையில் மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கிரிக்கெட்டில் பணம் கட்டுபவர். “யார் ஜெயிப்பாங்கன்னு நான் கட்டுறதே இல்லைங்கய்யா. முதல் ஆறு ஓவர்ல எத்தனை ரன்னு, அது மட்டும்தான்” என்றார். கையில் ஒரு நோட்டு. ஆடுகளத்தின் தன்மை, இரவுப் பனி, புதுப்பந்தை எந்தக் கைக்காரர் வீசுகிறார், அவரை எதிர்த்துத் தொடக்க ஆட்டக்காரர் எப்படி ஆடியிருக்கிறார் என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள். நமது பாடத்துக்கு அவர் அவ்வளவு குறிப்பெடுத்ததில்லை. அந்தப் பருவத்தின் தேர்வுக் கட்டணமும் அந்த நோட்டின் வழியே போயிருந்தது.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வெற்றி தோல்வியின் மீது ஊரே பணம் கட்டுகிறது. அங்கே விகிதத்தைப் பல்லாயிரம் கண்கள் சரிபார்த்துவிடுகின்றன. ஆறு ஓவரின் ரன், ஒரு பந்துவீச்சாளரின் விக்கெட் போன்ற சில்லறைக் கேள்விகளில் பந்தயக்காரரின் கவனம் சற்றுத் தளரக்கூடும். உழைத்துப் படித்தவன் நுழையும் இடுக்கு அதுதான். ஆயினும் நோட்டில் ஒரு வரி இல்லை. 48 ரன்னுக்கு மேலா கீழா என்ற கேள்விக்கு, எந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டினாலும் வென்றால் 190 தருவதாக வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் வசூல் 200, பட்டுவாடா 190. பத்து ரூபாய் ஆட்டம் தொடங்குமுன்பே போய்விட்டது. நட்டமின்றி நிற்பதற்கே நூற்றில் ஏறக்குறைய 53 முறை சரியாகச் சொல்ல வேண்டும். அப்படித் தொடர்ந்து சொல்லுகிறவர் கட்டும் தொகைக்குப் பல நிறுவனங்கள் வரம்பு விதித்துவிடும் என்பது வேறு. கட்டணத்தை நாம் கட்டினோம். நோட்டை அவர் எடுத்துச் சென்றார்.

ஆட்டத்தின் முடிவை விட்டு அதன் அளவின் மீது பணம் கட்டும் வழக்கம் 1940களில் அமெரிக்காவில் பரவியது. யார் வெல்வார் என்பதை விடுத்து, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்று கேட்கும் முறைக்குச் சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல் மூலவர் என்பர். முன்னாள் கணித ஆசிரியர்! அதன் விளைவு 1951இல் வெளிப்பட்டது. முந்தைய ஆண்டு இரு பெரும் கூடைப்பந்துப் பட்டங்களையும் வென்ற நியூயார்க் நகரக் கல்லூரி அணியின் ஆட்டக்காரர்கள் கைதானார்கள். சூதாடிகள் அவர்களிடம் கேட்டது தோல்வியை அன்று. வென்றுகொள்ளுங்கள், குறைந்த வித்தியாசத்தில் வெல்லுங்கள் என்றே கேட்டிருந்தார்கள். மறுப்பதற்கு எவ்வளவு கடினமான வேண்டுகோள்!

தான்றி மரத்துக்குத் தன் காய்களை ஒருவன் எண்ணுவது தெரியாது. ஆட்டக்காரனுக்குத் தெரியும். எண்ணப்படும் பொருள் சிறிதாகச் சிறிதாக, அதை விற்பவனின் மன உறுத்தலும் சிறிதாகிறது.

2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது இதன் எல்லை. தொழிலதிபராக வேடமிட்ட நிருபரிடம் ஒன்றரை லட்சம் பவுண்டு பெற்ற தரகர், எந்தெந்தப் பந்து நோபாலாக விழும் என்று முன்னரே சொன்னார். முகமது அமீர் இரண்டு, முகமது ஆசிப் ஒன்று, சொன்னபடியே விழுந்தன. 2011 நவம்பரில் இருவருக்கும், அணித்தலைவர் சல்மான் பட்டுக்கும், தரகருக்கும் லண்டன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 446 ரன் குவித்தது. பாகிஸ்தான் ஓர் இன்னிங்ஸ், 225 ரன் வித்தியாசத்தில் தோற்றது. மூன்று நோபால்களால் அதில் மாறியது எதுவுமில்லை. அதே இன்னிங்ஸில் 18 வயது அமீர் 84 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அந்த ஆறும் விலைபோனவை அல்ல என்றே நாம் நம்புகிறோம். ஆனால், இன்று அந்த ஒளிப்பதிவைப் பார்க்கையில், பந்து எங்கே விழுந்து எப்படித் திரும்புகிறது என்பதில் கண் நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கால் எங்கே ஊன்றுகிறது என்பதற்கே போகிறது.