மைனர் கார் வந்த ராத்திரி

ஹாலிஎல சந்தியைத் தெரியாத பதுளைக்காரர்கள் இருக்க முடியாது. நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வரும் றோட்டும், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமிருந்து வரும் றோட்டும் இங்கேதான் ஒன்று சேர்ந்து பதுளைக்கு இறங்குகின்றன. ஒரு சித்திரை விடுமுறையில், சனிக்கிழமை காலை, அந்தச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூடவே பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கு அது ஏழாவது மாதம். பிள்ளைக்குத் துணி வாங்க வேண்டும், துணைக்கு வாருங்கள் அக்கா என்று கூப்பிட்டிருந்தாள்.

அப்போது வெலிமடைப் பக்கமிருந்து வரிசையாகப் பழைய கார்கள் வந்தன. ஒஸ்டின், மொரிஸ் மைனர், வண்டுபோன்ற வொக்ஸ்வாகன், தீப்பெட்டி அளவில் இரண்டு மினி. எல்லாம் பளபளவென்று துடைத்து, கண்ணாடியில் இலக்கம் ஒட்டியிருந்தன. தேநீர்க் கடைக்கு முன்னால் ஓரங்கட்டினார்கள். பையன்கள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடும்பச்சை நிறத்தில் நின்ற மொரிஸ் மைனரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னாக்கா, அழுவுறீங்க?" என்றாள் அவள்.

சகோதரிகளே, அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்தது 1989 இல். அந்த வருடம் ஊவாவில் வாழ்ந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரவில் ஊரடங்குச் சட்டம். றோட்டில் ஒரு லைட் எரிந்தாலே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படி ஓர் இரவில், பத்து மணிக்கு மேல், அம்மாவுக்கு வலி எடுத்தது. தோட்டத்து மருத்துவச்சி வந்து பார்த்தார். "பிள்ளை திரும்பவில்லை, நம்மால் ஆகாது, பதுளைக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்து லொறி அன்று தொழிற்சாலையில் இல்லை.

அப்பா இருட்டில் தேயிலை மலைக்குள்ளால் இறங்கி, டவுனில் ஹயர் கார் ஓட்டும் ஒருவரின் கதவைத் தட்டினார். எங்கள் பக்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய கார் மொரிஸ் மைனர். ஆகவே அவர் "மைனர் மாமா". உண்மையில் மைனர் என்று சொல்லத்தக்க எந்த லட்சணமும் அவரிடம் இல்லை. தங்கச் சங்கிலி கிடையாது, சென்ட் வாசம் கிடையாது. மடித்துக் கட்டிய சாரமும் கிறீஸ் படிந்த கையும்தான். ஆனாலும் "மைனர் வர்றாருடி" என்று கிழவிகள்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ராத்திரி அவர் மறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் மனைவி வேண்டாமென்று அழுதாராம். "புள்ளத்தாச்சிய எப்புடிம்மா விடுறது" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாராம். லயத்துக்குக் கார் வராது. அம்மாவைக் கம்பளியில் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு வங்கிப் பாதையில் இறங்கினார்கள். காரின் முன்பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டி, கண்ணாடிகளை இறக்கி, உள்ளே இருக்கும் சின்ன விளக்கை எரியவிட்டு ஓட்டினார் மாமா. உள்ளே இருப்பவர் யாரென்று வெளியே தெரியவேண்டும் அல்லவா?

பாதித் தூரத்தில் இராணுவச் சோதனை. காரை நிறுத்தச் சொன்னார்கள், எஞ்சினை அணைக்கவும் சொன்னார்கள். டோர்ச் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினார். போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கார் புறப்படவில்லை. பெட்டரி இறங்கியிருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுழற்றினால் எஞ்சின் பிடிக்கும். மாமா உள்ளே இருக்க வேண்டும், அப்பாவோ அம்மாவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஒரு சின்ன வயதுச் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானே குனிந்து சுழற்றினானாம். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் நான் பிறந்தேன்.

"அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பார்.

அந்தக் கார் 1950களில் வந்தது. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய காலத்தது. இரண்டு ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும் மட்டும்தான். முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது. அவர் சீமைக்குப் போகும்போது பெரிய கிளாக்கருக்கு விற்றார். கிளாக்கரய்யா ஓய்வு பெற்றபோது மைனர் மாமாவிடம் வந்தது. தோட்டத்தில் கார் என்பது மேலிருந்து கீழே இப்படிப் படிப்படியாகத்தான் இறங்கும். லயத்துவரைக்கும் அது இறங்கியதில்லை. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, சாவு என்றால் மட்டும் ஹயருக்குப் பிடிப்போம்.

சிறு வயதில் அந்தக் காரில் ஏறும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது. முப்பது குதிரைவலுவுள்ள சின்ன எஞ்சின். ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மூச்சுவாங்கி நின்றுவிடும். உடனே இறங்கி ஓடி, பின் டயருக்கு அடியில் கல் வைக்க வேண்டும். பிறகு பீலியில் தண்ணீர் பிடித்து வந்து ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டும். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், நுனியில் மஞ்சள் வெளிச்சத்தோடு. அதுதான் அதற்குச் சிக்னல். கையைப் பார்ப்பதற்காகவே "மாமா, திரும்புங்க, திரும்புங்க" என்று கத்துவோம்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. கடன் சொல்லிப் போகிறவர்களின் கணக்கு அதில். சம்பள நாளில் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் தருமம் செய்யவில்லை, கூலி வாங்கினார். என்னைக் கொண்டுபோன கூலியை அப்பா இரண்டு மாதத்தில் கட்டினார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை உயிரோடு திரும்பாவிட்டால் அந்த வரியைப் பேனையால் அடித்துவிடுவார், கேட்கமாட்டார். அப்படி அடித்த வரிகள் அந்தக் கொப்பியில் கொஞ்சமல்ல. சமூகவியல் படித்த பிறகுதான், அது எவ்வளவு பெரிய ஆவணம் என்று எனக்கு விளங்கியது.

இந்தக் காரைப் பற்றிப் பின்னாளில் தேடிப் படித்தேன். இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் ஸ்மேர்னா நகரில் 1906 இல் பிறந்தவர். 1922 இல் போரினால் ஊரைவிட்டுக் கிளம்பி, பின்னர் தாயுடன் இங்கிலாந்தில் வந்து குடியேறியவர். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய ஒரு நல்ல கார் வேண்டுமென்று இதைச் செய்தார். 1948 இல் லண்டன் கண்காட்சியில் காட்டினார்கள். கடைசி நேரத்தில் அகலம் போதாது என்று தோன்றி, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தாராம். மைனரின் பொனட் நடுவில் ஓடும் பட்டையான மேடு அந்தச் சேர்ப்பின் அடையாளம். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை, வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த முட்டைதான் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது.

பெண்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்த மைனரை ஓட்டப் போட்டிக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். பெயர் பாட் மொஸ். 1958 இல் பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. ரலியில், ஆன் விஸ்டம் என்ற தோழியைப் பக்கத்தில் வழிகாட்டியாக இருத்திக்கொண்டு மைனரை ஓட்டி நாலாவது இடத்துக்கு வந்தார். அந்தக் காருக்கு அவர் வைத்த செல்லப்பெயர் "பாட்டி"! இசிகோனிஸ் 1959 இல் செய்த மினியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1962 இல் ஒல்லாந்தில் நடந்த டியூலிப் ரலியில் மினி கூப்பரை ஓட்டி முதலிடம் பெற்றார். அந்தக் காரின் முதலாவது பெரிய சர்வதேச வெற்றியைத் தேடிக்கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்.

நம் நாட்டிலும் கார்ப் போட்டி புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. மஹகஸ்தோட்டையும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெயர்தான். தோட்டத்து மேட்டில் யார் விரைவாக ஏறுகிறார்கள் என்று விநாடிக் கணக்கில் அளந்தார்கள். நமது லயங்களிலும் மேடுபள்ளத்தை நேரக் கணக்கில் அளந்த இரவுகள் உண்டு. அதற்குப் பரிசு வைப்பவர்கள்தான் இல்லை.

இவ்வளவு பழைய கார்கள் இங்கே எப்படி மிஞ்சின? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி சுருங்கியது. 1977 வரைக்கும் இருந்ததை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. உடைந்த சாமானை நம் கராஜ்காரர்கள் கையாலேயே செய்தார்கள். அந்தக் கைத்திறன் எவ்வளவு வளர்ந்தது தெரியுமா? 1990களில் மைனருக்கான தகடுகளை இலங்கையில் செய்து, அது பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். இன்று விண்டேஜ் கார் ஓனர்ஸ் கிளப், கிளாசிக் கார் கிளப் ஒஃப் சிலோன் போன்ற கழகங்கள் இந்தக் கார்களைக் காப்பாற்றி வருகின்றன.

அம்மா தன் வாழ்நாளில் அந்தக் காரில் ஏறியது மூன்றே முறை. நான் பிறந்த இரவு, தம்பி பிறந்த பகல், பிறகு நான் பல்கலைக்கழகம் போன அன்று. அன்று மைனர் மாமா தானாகவே வந்து, என் ட்ரங்குப் பெட்டியைப் பின்னால் ஏற்றி, அம்மாவை முன் சீட்டில் இருத்தி, ஹாலிஎல ஸ்டேசனுக்குக் கொண்டுவந்து விட்டார். கொப்பியில் எழுதவில்லை. "வலியில்லாம இதுல வந்தது இன்னைக்குத்தான்" என்று அம்மா சிரித்தார். அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் நல்ல விலை கொடுத்துக் காரை வாங்கிப்போனார்கள். கொப்பியை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

சந்தியில் நின்ற பச்சைக் காரின் இலக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். அது எங்கள் கார் அல்ல. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மையாரிடம் என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, அவர் முன் கதவைத் திறந்து, என்னோடு வந்த பெண்ணைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார். அவள் கூச்சத்தோடு ஏறி உட்கார்ந்தாள். அம்மையார் பொத்தானைத் திருப்ப, தூணிலிருந்து அந்தச் சின்னக் கை வெளியே வந்தது. "அக்கா, கை காட்டுது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரிக்க, எனக்கு 2022 ஞாபகம் வந்தது. பெற்றோல் இல்லாத அந்த ஜூன் மாதத்தில், நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு பெண்ணுக்கு இரவில் வலி எடுத்தது. லயத்தில் இரண்டு ஆட்டோ இருந்தும் இரண்டும் வெறும் டாங்கி. 1990 இலக்கத்துக்கு அழைத்தோம். 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அன்றும் வந்தது. ஆனால் தார் றோட்டு முடியும் இடம்வரைதான் வர முடிந்தது. மேலே இருந்தது கல்லும் குழியும். அந்தப் பெண்ணைக் கம்பளியில் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் அம்மாவைத் தூக்கிய அதே மாதிரி, முப்பத்துமூன்று வருடங்களுக்குப் பிறகும். தாயும் பிள்ளையும் நலம். ஆனாலும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய கார்களைப் பார்த்து ஏங்குவதில் தவறில்லை. நானும் ஏங்குகிறேன். ஒரு சின்னக் காரை எழுபது வருடம் ஓடவைக்க நம்மவர்களால் முடிந்திருக்கிறது. வாரத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர் ஊற்றி, தேய்ந்ததை மாற்றியதால்தான் அது ஓடியது. லயத்துக்குப் போகும் ஒரு கிலோமீற்றர் றோட்டுக்கும் அதே கவனிப்புப் போதும்.

அந்தக் கவனிப்பு வரும்வரை நாமும் சும்மா இருக்க முடியாது. மைனர் மாமாவிடம் கற்றுக்கொண்டு, நானும் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கர்ப்பிணிப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். எந்த ஆட்டோ, ஓட்டுபவரின் தொலைபேசி இலக்கம், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், 1990 வந்தால் எந்த இடத்தில் நிற்கும், அதுவரை தூக்கிவர யார் யார், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது யார். ஏழாவது மாதத்துக்குள் பக்கம் நிரம்பிவிட வேண்டும். உங்கள் லயத்திலும் இதைச் செய்யுங்கள். படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், ஒரு கொப்பியின் விலைதான் செலவு.

சந்தியிலிருந்து பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெண்ணின் பக்கத்தை எடுத்தேன். ஆட்டோக்காரரின் பெயர் இருந்தது. இரண்டாவது ஆளின் இடம் வெறுமையாக இருந்தது. பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரிடம் பேசி, அதையும் நிரப்பினோம்.