ஒரு வெட்டுப்புள்ளியும் 23 பிள்ளைகளும்



தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததிலிருந்து ஊரில் ஒரே கேள்விதான்: "உங்கட ஸ்கூல்ல எத்தின பேர் பாஸ்?" ரெண்டு பேர் என்றதும் முகம் மாறுகிறது. ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு வாப்பா எங்களிடமே சொன்னார்: "சேர், குறை நினைக்காதீங்க. வாற வருஷம் சின்னவன டவுன் ஸ்கூலுக்குத்தான் போடப்போறன்."

குறை நினைக்கவில்லை. ஆனால் சிலதை ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் "பாஸ்" என்று சொல்வது வெட்டுப்புள்ளியை. உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலை அனுமதிக்கும் பிள்ளைகளைத் தெரிவதற்காகப் போடும் கோடு அது. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரே புள்ளி எடுத்த பிள்ளை ஓரிடத்தில் பாஸ், இன்னோரிடத்தில் பெயில். 200க்கு 70 புள்ளியைத் தாண்டியோரைத் திணைக்களமே தனியாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. எங்கள் 23 பேரில் 17 பேர் தாண்டியிருக்கிறார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

அதில் ஒரு மகன் 94. வாப்பா கடலுக்குப் போறவர், உம்மா வெளிநாட்டில், வளர்ப்பது உம்மம்மா. தரம் 3இல் எங்களிடம் வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாது. இன்று உம்மம்மாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறான். மூன்று டியூஷன் போய் 150 எடுத்த பிள்ளையையும் மெச்சுகிறோம். ஆனால் எந்தப் பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் புள்ளி சொல்லாது.

இன்னொன்று. பாஸான அந்த இரண்டு பேரும் தரம் 6க்கு வேறு பாடசாலைக்குப் போய்விடுவார்கள். போகட்டும், அது அவர்களின் உரிமை. நாளைக்கு ஓஎல்லில் அங்கே 9ஏ எடுப்பார்கள். அப்போது, "அதுதான் ஸ்கூல், இங்க என்ன இருக்கு?" என்று நம்மவர்களே கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வரிசையை அனுப்பிவிட்டு மிச்சத்தோடு போட்டி போடச் சொல்வது நியாயமா?

மருத்துவம், பொறியியல் அனுமதியில் 40 வீதம்தான் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வசதியைப் பார்க்காமல் புள்ளியை நிறுக்கக் கூடாதென்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

பரீட்சை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் குறையையும் மறைக்கவில்லை. 70ஐத் தொடாத ஆறு பேர் இருக்கிறார்கள். அந்த ஆறு பேருக்காக எங்களைக் கேளுங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எத்தனை பேருக்கு வாசிக்க வராது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, யார் அடிக்கடி வராமல் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் வகுப்புக்கு வந்து பாருங்கள். பிறகு சின்னவனை எங்கே சேர்ப்பதென்று முடிவெடுங்கள்.

பெனருக்கு இரண்டு பேரின் போட்டோ கேட்டார்கள். நாங்கள் 23 பேரையும் நிறுத்தி ஒரே போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.